மகள் சோற்றைத் தள்ளி வைக்கிறாள். என் உடம்பு என் குற்றமா?

கொழிஞ்சாம்பாறை தையல்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எடை 84 கிலோ. கல்யாணமாகி இங்கே வரும்போது 52.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மகள் இரண்டாவது தடவை பாயசம் கேட்டாள். எதிரில் இருந்த நாத்தனார், "பாத்துச் சாப்பிடு கண்ணு, உங்கம்மா மாதிரி ஆயிடப் போறே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு 13 வயது.

அன்றிலிருந்து டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. ராத்திரி கேட்டால் "பசிக்கலம்மா". போன வாரம் ஒரு நாள் என் இஞ்ச் டேப்பைக் காணோம் என்று தேடினேன். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் இடுப்பை அளந்துகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இருபது வருடமாக அளவெடுக்கிறேன். ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஒருத்தியின் அளவுகூடப் பத்து வருடம் அப்படியே நின்றதில்லை. அதனால் ஜாக்கெட் எதுவானாலும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். ஆனாலும் "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று கேட்க வருகிறவர்கள், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்துவார்கள். இதுவரை ஒருத்தியும் அதைச் சத்தமாகக் கேட்டதில்லை.

நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு மலையாள அம்மா என்னைப் பார்த்து "நன்னாயல்லோ" என்பார். சதை போட்டால் அவர்கள் ஊரில் நன்றாகிவிட்டாய் என்றுதான் சொல்வார்கள். இளைத்தால் "க்ஷீணிச்சு", அதாவது வாடிவிட்டாய். அதே அம்மாதான் இப்போது "தடி கூடிப் போயி, நோக்கணே" என்கிறார், உடம்பு கூடிவிட்டது, பார்த்துக்கொள் என்று. சொல் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். நான் சாப்பிடுகிறேன், அதை மறைக்கவில்லை. இந்த 32 கிலோவில் என் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று யாராவது நேர்மையாகச் சொல்வீர்களா? மகளிடம் என்ன சொல்வது என்பது அதைப் பொறுத்திருக்கிறது.

வாய்க்கால்கரை நடையாளர்

சகோதரி, மனம் வருந்தாமல் படியுங்கள். எனக்கு 52 வயது. நாலு வருடத்துக்கு முன் 96 கிலோ. தினமும் காலை ஐந்து மணிக்கு மூலத்தரை வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். ராத்திரிப் பரோட்டாவை விட்டேன், டீயில் சர்க்கரையை விட்டேன். பதினான்கு மாதத்தில் 17 கிலோ இறங்கியது. இன்றுவரை ஏறவில்லை.

என்னை எழுப்பியது ஒரு அவமானம்தான். அலுவலகப் படியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு சின்னப் பையன் சொன்ன சொல். அது இல்லையென்றால் நான் நடந்திருக்க மாட்டேன். ஜீன், ஹார்மோன் என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் மனிதன் உட்கார்ந்துவிடுவான். கையை வாய்க்குக் கொண்டு போவது நாம்தானே. எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அதில் ஒரு பலம் இருக்கிறது.

பாலக்காடு செவிலி

அக்கா, உங்கள் எடையை அப்புறம் பேசுவோம். முதலில் மகள்.

13 வயது என்பது எலும்பும் உயரமும் கூடுகிற வயது. அதற்குத் தகுந்தபடி எடையும் கூடத்தான் வேண்டும். இந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைப்பது வளர்ச்சியில் கை வைப்பது. மாதவிலக்கு தொடங்கியிருந்தால் அது தள்ளிப் போகிறதா, தலை சுற்றுகிறதா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப் போடாமல் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். டேப்பை ஒளித்து வைக்க வேண்டாம், "சாப்பிடு, சாப்பிடு" என்று துரத்தவும் வேண்டாம். ஒரு வேளையாவது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள். அவள் முன்னால் உங்கள் உடம்பை நீங்களே திட்டாதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986-இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்கள் உடம்பு பெற்றவர்களின் உடம்பை ஒத்திருந்தது. வளர்த்தவர்களோடு ஒப்பிட்டால் ஒரு தொடர்பும் தெரியவில்லை. ஒரே மேசையில் வருடக்கணக்காக ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் அவர்கள். 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்வது அதுதான். எடை குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பசியைக் கூட்டும். அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் எடையை வெகுவாகக் குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது.

அண்ணா, நீங்கள் 17 கிலோவைக் குறைத்து அப்படியே வைத்திருப்பது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவமானம் எல்லோரையும் எழுப்பாது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாலு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், பருமன் நிலைக்குப் போவது மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. உங்களை எழுப்பிய அதே சொல் இன்னொருவரை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடும்.

மீனாட்சிபுரம் மளிகை

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். 62 கிலோ. கல்லூரிக் காலத்தில் தைத்த சட்டை இன்றும் சேரும். கடைக்கு வருகிறவர்கள் "உங்களுக்கென்ன, கட்டான உடம்பு" என்பார்கள். நானும் பெருமையாக நினைத்துக்கொண்டேன். 38 வயதில் காலில் ஒரு புண் ஆறவே இல்லை. சோதித்தால் சர்க்கரை 340. அதற்கு முன் ஒரு டாக்டர்கூட என்னைச் சர்க்கரை பார்க்கச் சொன்னதில்லை. பார்த்தாலே ஒல்லி, அதனால் ஆரோக்கியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்புறம்தான் படித்தேன். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் பூனாவின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., இருவருக்கும் 22.3. அச்சுப் பிசகாமல் ஒரே எண். உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்கு ஒல்லியான தோலுக்கு உள்ளேயே கொழுப்பு சேரும். அதனால்தான் அதிக எடைக்கு வெள்ளைக்காரர்களுக்கு 25 என்று வைத்த பி.எம்.ஐ. எல்லையை நமக்கு 23 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

பருமனாக இருப்பவரைக் குற்றவாளி ஆக்குகிற அதே கண் ஒல்லியாக இருப்பவனை யோக்கியன் ஆக்கிவிடுகிறது. என் பாதி விரல் போனது அதில்தான்.

கோபாலபுரம் ஆசிரியர்

பார்டரின் இரண்டு பக்கக் கணக்கையும் சொல்கிறேன். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களை எடுத்துக்கொள்கிறார்கள். பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் 2015-16-இல் தமிழ்நாட்டில் 30.9 சதவீதம், கேரளத்தில் 32.4. அடுத்த கணக்கெடுப்பு 2019-21. தமிழ்நாடு 40.4, கேரளம் 38.1.

ஐந்து வருடத்தில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒருவர் புதிதாக அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார். அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனவுறுதி போய்விட்டதா? வாக்கு எண்ணிக்கையில் இப்படி ஒரு மாற்றம் வந்தால் ஆட்சியைக் கேட்போம். உடம்பில் வந்தால் மட்டும் ஆளைக் கேட்கிறோம்.

கேரளத்தில் 2016-இல் பட்ஜெட்டில் 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டார்கள். பிராண்ட் உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு. அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது மறைந்தது. அந்த நாட்களில் நான் பாலக்காட்டுச் சித்தூரில் வேலை பார்த்தேன். எங்கள் பள்ளி வாசலில் பீட்சா எங்கே இருந்தது? இருந்தது பேக்கரி, பரோட்டாக் கடை, ஐந்து ரூபாய்ப் பாக்கெட். விளையாட்டு மைதானத்தில் புதுக் கட்டடம் வந்துவிட்டது. உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான், அதற்காக இன்று வருந்துகிறேன். பிள்ளைகளை ஓடவிடாமல் உட்கார வைத்தவர்களே பிறகு அவர்களைக் குண்டு என்றால் அது என்ன நியாயம்?

வாய்க்கால்கரை நடையாளர்

ஆசிரியர் ஐயா, உங்கள் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். ஐந்து வருடத்தில் ஜீனும் மாறாதே? அப்படியானால் செவிலி அம்மா சொன்ன டென்மார்க் கதை இதில் எப்படிப் பொருந்தும்? மாறியது சாப்பாடும் உழைப்பும். அதை நாம் திருப்பி மாற்றலாம் என்றுதானே நானும் சொல்கிறேன்.

பாலக்காடு செவிலி

சரியான கேள்வி அண்ணா. ஜீனும் மாறவில்லை, மனவுறுதியும் மாறவில்லை. மாறியது சுற்றியிருப்பது: கடை, வேலை, தூக்கம், பஸ், போன். மாறிய அந்தச் சுற்றுப்புறத்தில் யாருக்கு முதலில் சதை வைக்கும், யாருக்கு வைக்காது என்பதைப் பெரும்பாலும் பிறவி முடிவு செய்கிறது. ஒரே மழையில் ஒரு வீடு ஒழுகும், பக்கத்து வீடு ஒழுகாது. ஒழுகுகிற வீட்டுக்காரரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் கூரை ஓடுகளை மாற்றக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொன்று. எடை குறைக்கும் மருந்துகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்து பசியைக் குறைக்கும். போட்டுக்கொண்டவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "சிஸ்டர், சாப்பாட்டு நினைப்பே இல்லாம ஒரு நாள் போகும்னு எனக்குத் தெரியவே தெரியாது." ஊசியை நிறுத்தினால் பசி திரும்புகிறது. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. விலை அதிகம், எல்லோருக்கும் ஏற்றதும் இல்லை, அதனால் இதை நான் பரிந்துரைக்கவில்லை. இரண்டு பேர் ஒரே இலை முன்னால் உட்கார்ந்தாலும் இருவரின் பசியும் ஒன்றல்ல என்பதைக் காட்டத்தான் சொன்னேன். உங்கள் கையை வாய்க்குக் கொண்டு போகும் பசி எவ்வளவு, அக்காவின் பசி எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் ஓ.பி. வராந்தாவில் எடை பார்த்து, "தொண்ணூத்திரண்டு!" என்று எழுதுகிறவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லியிருக்கிறேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு அம்மா அதற்கப்புறம் பிரஷர் மாத்திரைக்கு வரவே இல்லை. இப்போது நானே எழுதிக்கொள்கிறேன், வாய் திறப்பதில்லை.

முதலமடை மாந்தோப்பு மகன்

செவிலி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் அம்மாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு வயிறு கனக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஒரு மருத்துவமனைக்கு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் பதில் ஒன்றுதான்: எடையைக் குறையுங்கள். வயிற்றில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அரிசியை விட்டார். முகம் ஒட்டியது, கை மெலிந்தது, வயிறு மட்டும் இறங்கவில்லை. "நான் சரியா செய்யல போல இருக்கு சாமி" என்று என்னிடம் சொன்னார். நாலாவது தடவை போக வெட்கப்பட்டுப் பத்து மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கடைசியில் கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் கட்டி. எடுத்துத் தராசில் வைத்தபோது ஆறு கிலோ. நல்லவேளையாகப் புற்று இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பத்து மாதமும் அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நானும் அவர் தட்டைப் பார்த்துத்தானே பேசினேன்.

வேலந்தாவளம் மருமகள்

2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வீட்டார் ஒரு பெண்ணின் உடலமைப்பைக் கேலி செய்வது முதல் பார்வையிலேயே இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின்படி கொடுமைதான் என்றது. படித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் பந்தியில் பாசமாகச் சொல்கிற சொல்லுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டோம் அக்கா. அங்கேயே யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்தாலே போதும். உங்கள் மகள் சிரிக்கவில்லை, பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மாந்தோப்புத் தம்பி, அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நடையாளர் அண்ணா, நீங்கள் சொன்னதைத் தள்ளவில்லை. என் கை என் வாய்க்கு என்ன கொண்டு போகிறது என்று நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் மகன் வைத்துவிட்டுப் போன தோசை பாதி. மதியம் மாமனார் தட்டில் எடுக்காத பொரியல், சட்டியில் ஒட்டிய சோறு. ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமாகிற குழம்புச் சோறு. அதற்கு மேல் நானாகப் போட்டுக்கொண்டது ஒரு கரண்டிதான்.

என்னைச் சின்ன வயதில் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வளர்த்தார். கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்கி வாயில் போடச் சொல்வார். சோற்றைக் கொட்டினால் பாவம். அதனால் இந்த வீட்டில் மிச்சமாவதெல்லாம் எனக்குள் போகிறது. கொட்டினாலும் தப்பு என் மேல், தின்றாலும் தப்பு என் மேல். வீட்டில் வேறு யாருக்கும் இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து வருவதில்லை. இதைப் பிறவி என்று சொல்லவா, என் விருப்பம் என்று சொல்லவா?

அண்ணா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மணிக்கு நீங்கள் வாய்க்கால் கரைக்குப் போனபோது உங்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தது யார்?

வாய்க்கால்கரை நடையாளர்

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை சகோதரி. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

பற்ற வைத்தது என் மனைவி. நாலு வருடமும். திரும்பி வரும்போது கேழ்வரகுக் கஞ்சி தயாராக இருக்கும். எனக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி. இதை நான் என் கணக்கில் சேர்த்ததே இல்லை. "நீயும் நடக்கலாமே" என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். எப்போது நடப்பாய் என்று கேட்டதில்லை. நேற்றுக் கேட்டேன். சாயங்காலம் ஆறு மணி என்றாள். அந்த நேரத்தில் கரையில் கள்ளுக்கடைக் கூட்டம் போகும், தனியாகப் போக முடியாது என்றும் சொன்னாள்.

முயற்சி வேண்டும் என்ற என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. முயற்சி செய்ததால்தான் என் முட்டி வலி போனது. ஆனால் "எல்லாம் நம் கையில்" என்று எழுதியதில் இருந்த கை என்னுடையது மட்டும் இல்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் மகளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம்.

மீனாட்சிபுரம் மளிகை

அண்ணா, சாயங்காலம் ஆறு மணிக்கு என் மனைவியும் வருவார். கூட இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் கரை அவர்களுடையதாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மகளைப் பற்றிக் கேட்டவர்களுக்காக.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் அவளுக்குப் பாவாடை தைக்க அளவெடுத்தேன். எடுக்கும்போது என் நோட்டைக் கேட்டாள். என் அளவு இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். கல்யாண ஜாக்கெட்டிலிருந்து போன தீபாவளி வரைக்கும் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் எந்த வருடம் என்று கேட்டாள். இது நீ வயிற்றில் இருந்தபோது, இது தம்பி பிறந்தபோது, இது அம்முச்சி இறந்த வருடம், மூன்று மாதம் சோறே இறங்கவில்லை, அதனால் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் தன் அளவைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டேன். டிபன் பாக்ஸ் இன்னும் சில நாள் மிச்சத்தோடுதான் வருகிறது. ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

மாமியாரோடு பேசி அரிசியை ஒரு டம்ளர் குறைத்தோம். நாலு டம்ளர் போட்ட இடத்தில் மூன்று. முதல் மூன்று நாள் பற்றவில்லை. "வீட்ல சோறு இல்லைன்னு சொல்ற நெலமை வந்திருச்சே" என்று அத்தை கண் கலங்கிவிட்டார். அவர் பஞ்ச காலம் பார்த்தவர். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாலாம் நாளிலிருந்து நான் எல்லோரோடும் சேர்ந்து இலை போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எவ்வளவு தேவை என்று சரியாகத் தெரிந்தது. இப்போது மூன்றேகால். சட்டியில் மிச்சம் இல்லை.

எடை பார்க்கவில்லை. ஆனால் செவிலி அக்கா, முடி கொட்டுகிறது, பகலில் தூக்கமாக வருகிறது. தைராய்டு பார்க்க வேண்டுமா? வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பாலக்காடு செவிலி

தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள் அக்கா, கூடவே சர்க்கரையும். சர்க்கரைக்காக வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். காலை எட்டு மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது. பாவாடை தைத்து முடிந்ததா?